பண்பாடு என்னும் அலகும் விடை என்னும் அலகும்: மும்பைத் தமிழ்ச் சூழலில் கருத்துப்பரிமாற்ற மாதிரிகள் – ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

மொழிபெயர்ப்பாளர்க்கும், பேச்சை உடனுக்குடன் பெயர்த்துரைப்போர்க்கும் அளிக்கப்பெறும் பயிற்சிகளில் பண்பாட்டு வேறுபாடு பற்றிய பாடம் இன்று தவறாது இடம்பெறுகிறது. அப்பாடம் பெரும்பாலும் மேலைநாட்டு அறிஞர் சிலர் வகுத்த மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டது. மேலையோர் நேர்படப் பேசுவர், கீழையோர் குறிப்பாற் பேசுவர்; முன்னவர் தனிமனிதர், பின்னவர் குழுவினர் என்பன போன்ற முடிவுகள் அப்பாடத்தின் சாரமாக மாணவரிடம் எஞ்சுகின்றன. அவர் பின்னர் ஒரு மருத்துவமனையிலோ நீதிமன்றத்திலோ தமிழர் ஒருவரின் கூற்றைப் பெயர்க்க நேர்கையில், இம்முடிவுகளே அவர்தம் செவியை வழிநடத்துகின்றன.

இம்மாதிரிகள் எதனை அலகாகக் கொள்கின்றன, அவ்வலகு பொருத்தமானதுதானா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வுக்களமாக மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகள் கொள்ளப்படுகின்றன. தமிழர் செறிந்து வாழும் இம்மூன்று பகுதிகளும் ஒன்றுக்கொன்று மிக அண்மையில் உள்ளன. தாராவியும் மாட்டுங்காவும் அடுத்தடுத்தே அமைந்தவை. ஒரே நாடு, ஒரே நகரம், ஒரே தாய்மொழி என்னும் நிலையிலேயே ஒரு மாதிரி தடுமாறுமாயின், நாடுகளுக்கிடையே அது தரும் விளக்கத்தையும் நாம் மறுபரிசீலனை செய்ய வேண்டியவராவோம்.

2. மாதிரிகளும் அவற்றின் பிறப்பிடங்களும்

எட்வர்ட் ஹால் 1950களின் முற்பகுதியில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனத்தில், அயல்நாடு செல்லும் அலுவலர்க்குப் பயிற்சி அளித்தவர். 'மௌன மொழி' (1959), 'பண்பாட்டுக்கு அப்பால்' (1976) ஆகியன அவர்தம் நூல்கள். பின்னதில் சூழல்மிகு கருத்துப்பரிமாற்றம், சூழல்குறை கருத்துப்பரிமாற்றம் என்னும் பாகுபாட்டை அவர் நிறுவினார். செய்தியின் பெரும்பகுதி சொல்லிலேயே அமைவது சூழல்குறை வகை. பேசுவோர்தம் உறவிலும் இடத்திலும் பொதுவறிவிலும் செய்தி உறைந்து கிடக்க, சொல் சிறிதாக அமைவது சூழல்மிகு வகை. நுட்பமான பாகுபாடு இது என்பதில் ஐயமில்லை. ஆயின் பின்வந்த கையேடுகள் இதனை நாடுகளின் தரவரிசையாக மாற்றிவிட்டன.

இராபர்ட் கப்லான் 1966இல் வெளியிட்ட கட்டுரை, அயல்மொழி மாணவர் ஆங்கிலத்தில் எழுதிய பத்திகளை ஆராய்ந்தது. ஆங்கிலச் சிந்தனையை அது நேர்கோடாகவும், கீழைத்தேயச் சிந்தனையைச் சுழல்வட்டமாகவும் வரைந்து காட்டியது. அங்குக் கீழைத்தேயம் எனப்பட்டது சீன, கொரிய மாணவரின் எழுத்தே. எனினும் அப்படம் ஆசியா முழுமைக்கும் பொருந்துவதாகப் பாடநூல்களில் பரவியது. தம் கூற்று சற்று மிகைப்பட்டதே எனக் கப்லானே 1987இல் ஒப்புக்கொண்டார், படமோ நிலைத்துவிட்டது.

கேர்ட் ஹாஃப்ஸ்டெட் ஐ.பி.எம். நிறுவனத்தின் பல நாட்டுப் பணியாளரிடம் 1967 முதல் 1973 வரை திரட்டப்பெற்ற ஏறத்தாழ 1,16,000 வினாநிரல்களை ஆராய்ந்து, 1980இல் நான்கு அளவைகளை முன்வைத்தார். அவற்றுள் அதிகார இடைவெளியில் இந்தியாவுக்கு 77, தனிமனித முதன்மையில் 48 என்னும் மதிப்பெண்கள் அமைந்தன. ரிச்சர்ட் லூயிஸ் 1996இல் வெளியிட்ட நூல், மக்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செயற்படுவோர், பலவற்றை ஒருங்கே செய்வோர், கேட்டு எதிர்வினை புரிவோர் என மூவகைப்படுத்தியது; அவர்தம் மாதிரி நாடுகளை ஒரு முக்கோணத்தின் பக்கங்களில் நிறுத்துகிறது. அம்முக்கோணத்தில் இந்தியா ஒரு புள்ளி.

இவற்றின் பிறப்பிடங்களை நோக்குதல் பயனுடைத்து. அயலகம் செல்லும் அலுவலரின் பயிற்சிக்கூடம், ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பறை, பன்னாட்டு நிறுவனத்தின் பணியாளர் ஆய்வு, வணிக மேலாளர்க்கான கையேடு ஆகிய இந்நான்கும், ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் செல்லும் ஒருவருக்கு விரைந்து பயன்படும் வழிகாட்டியைத் தேடிய இடங்கள். அத்தேவைக்கு நாடு என்னும் அலகு எளிதாகக் கைகொடுத்தது. நாட்டுச் சராசரியைத் தனிமனிதர்மேல் ஏற்றிக் கூறலாகாது என ஹாஃப்ஸ்டெட்டே எச்சரித்துள்ளார். ஒரே நிறுவனத்தின் பணியாளரைக் கொண்டு ஒரு நாட்டின் பண்பாட்டை அளக்கவியலுமா எனப் பிரெண்டன் மெக்ஸ்வீனி 2002இல் விரிவாக வினவினார். ஐ.பி.எம். நிறுவனமோ 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. அதன் அலுவலகங்களில் பணியாற்றியோரின் விடைகளைத் தாராவித் தோற்பட்டறைத் தொழிலாளிக்குப் பொருத்துதல் எவ்வாறு இயலும் என்பதை வாசகரே உய்த்துணரலாம்.

3. களம்

தாராவி, பம்பாயின் எல்லைப்புறமாக இருந்த காலத்தில் தோல் பதனிடும் தொழில் அங்குக் குடியேறியது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் அத்தொழிலைச் சார்ந்து நிலைபெற்றனர். கோலி மீனவர் அதற்கு முன்பிருந்தே அங்கு வாழ்ந்தவர். சௌராட்டிரத்திலிருந்து வந்த குயவர் கும்பர்வாடாவை அமைத்தனர். பின்னர் உத்தரப் பிரதேசத்தாரும் பீகாரியரும் வந்து சேர்ந்தனர். இங்கு வழங்கும் தமிழில் நெல்லை வழக்கின் சாயல் மிகுதி.

மாட்டுங்காவின் வரலாறு வேறு. 1896ஆம் ஆண்டுப் பிளேக் நோயை அடுத்து, 1898இல் அமைக்கப்பெற்ற பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை திட்டமிட்டு உருவாக்கிய குடியிருப்பு அது. எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த தென்னிந்தியர், குறிப்பாகத் தஞ்சை, பாலக்காட்டுப் பிராமணர், அங்குக் குடியேறினர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றியது. செம்பூர், 1950களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணு ஆற்றல் நிறுவனமும் அமைந்த பின்னர்ப் பெருகிய பகுதி. அங்குள்ள தமிழருள் பொறியாளர், அரசு ஊழியர், சிறு வணிகர் எனப் பல திறத்தாரும் உளர்.

மூன்று பகுதியினரும் தமிழரே. ஆயின் விளிச்சொற்களை மட்டும் நோக்கினும் மூன்று ஒழுங்குகள் புலப்படுகின்றன. மாட்டுங்காவில் மாமா, மாமி என்பன உறவினரல்லாதார்க்கும் மதிப்புடன் வழங்கும். வினைகள் 'வாங்கோ', 'போங்கோ' என முடியும். தாராவியில் 'அண்ணாச்சி' என்பது வயதும் தொழிலும் கலந்த மதிப்பைச் சுட்டும். ஒத்த வயதினரிடையே 'ஏலே' என்னும் விளி நெருக்கத்தின் அடையாளம்; அதனைத் தவிர்த்து 'நீங்க' என்று தொடங்குவதே சில வேளைகளில் மனத்தாங்கலின் அறிகுறியாகும். செம்பூரில் 'சார்' என்பது சாதியும் ஊரும் புலப்படாத பொதுநிலத்தை அமைத்துக் கொடுக்கிறது. 'அண்ணா' என்னும் சொல்லோ, தமிழரிடையே உறவுச்சொல்லாக இருந்து, மராத்தியரும் பிற வடபுலத்தாரும் தென்னிந்தியரைச் சுட்டும் இனப்பெயராகவும் மாறிவிட்டது. ஒரே சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அன்பாகவோ ஒதுக்கலாகவோ பொருள்படுகிறது.

இவற்றுள் எது தமிழ்ப் பண்பாட்டின் கருத்துப்பரிமாற்ற முறை? மாதிரிகள் இவ்வினாவுக்கு விடை தருவதில்லை. ஏனெனில் அவற்றின் அலகு இவ்வளவு சிறியவற்றைக் காணுமாறு அமைக்கப்படவில்லை.

4. எல்லை தாண்டும் வழக்குகள்

இதற்கு மறுதலையான சிக்கலும் உண்டு. தமிழருக்கே உரியதெனக் கருதப்படும் வழக்குகள் பல, மும்பையின் பிற மொழிகளிலும் காணப்படுகின்றன. விடைபெறுகையில் தமிழர் 'போகிறேன்' என்னாது 'வருகிறேன்' என்பர். இதனைத் தமிழரின் மங்கல உணர்வுக்குச் சான்றாகக் காட்டுதல் வழக்கம். ஆயின் மராத்தியரும் விடைபெறுகையில் 'யேதோ' (வருகிறேன்) என்பர். குசராத்தியர் 'ஆவ்ஜோ' (வாருங்கள்) என வழியனுப்புவர். அண்டையிலுள்ள இந்தி பேசுவோர் 'சல்தா ஹூம்' (கிளம்புகிறேன்) என இயல்பாகக் கூறுவர். ஆகவே இங்கு எல்லைக்கோடு திராவிட மொழிகளுக்கும் இந்தோ-ஆரிய மொழிகளுக்கும் இடையே ஓடவில்லை. எமனோ 1956இல் இந்தியாவை ஒரு மொழியியற் பரப்பு எனக் கூறியது ஒலிகளுக்கும் தொடரமைப்புக்கும் மட்டுமன்றிப் பேச்சு மரபுகளுக்கும் பொருந்துவதை இது காட்டுகிறது.

தன்மைப் பன்மை மற்றொரு சான்று. கேட்போரை உளப்படுத்தும் 'நாம்', உளப்படுத்தாத 'நாங்கள்' என்னும் வேறுபாடு தமிழில் உண்டு. மராத்தியில் 'ஆபண்', 'ஆம்ஹீ' எனவும், குசராத்தியில் 'ஆப்ணே', 'அமே' எனவும் அவ்வேறுபாடு அமைகிறது. பொது இந்தியின் 'ஹம்' இரண்டுக்கும் பொது. மும்பை இந்தியில் 'அபன்' என்பது கேட்போரையும் உள்ளடக்கி வழங்குவதுண்டு.

மொழிபெயர்ப்பாளர்க்கு இது வெறும் இலக்கணச் செய்தியன்று. அலுவலர் ஒருவர் இந்தியில், 'ஹம்' இப்பணியை முடிப்போம் என்கிறார் எனக் கொள்வோம். தமிழில் 'நாங்கள் முடிப்போம்' எனின் பொறுப்பு அலுவலகத்துடையது. 'நாம் முடிப்போம்' எனின் கேட்டுநிற்கும் குடியிருப்போரும் பொறுப்பிற் பங்காளிகளாகின்றனர். பின்னர்ப் பணி நின்றுபோனால் யாரைக் கேட்பது என்பது இவ்வொரு சொல்லைப் பொறுத்தது. மராத்தியிலிருந்து பெயர்ப்பவர்க்கு இச்சிக்கல் பெரும்பாலும் எழாது. இந்தியிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் பெயர்ப்பவர்க்கு எழும். குழு மனப்பான்மையை அளக்கும் எண், 'நாம்' என்பதனுள் யார் யார் அடங்குவர் என்பதைச் சொல்லுவதில்லை.

5. நன்னூலார் காட்டும் வழி

இனி, குறிப்பாற் பேசுதல் என்பதற்கு வருவோம். சூழல்மிகு பண்பாட்டினர் நேர்விடை கூறார் என்பது கையேடுகளின் துணிபு. இப்பொருளைத் தமிழிலக்கண மரபு வேறு கோணத்தில் அணுகியுள்ளமை இங்குக் கருதத்தக்கது. 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் விடையை எட்டு வகையாகப் பகுப்பார். சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படை விடைகள். ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பால் விடையாவன. அவையும் விடையாகவே ஏற்கப்படும்.

இப்பகுப்பின் சிறப்பு யாது? குறிப்புமொழியை ஒரு மக்களின் இயல்பாக அது கூறவில்லை. வினா ஒன்றுக்குக் கிடைக்கக்கூடிய விடைகளின் வகையாகக் கூறுகிறது. நேர்விடையும் குறிப்புவிடையும் ஒரே மொழியில், ஒரே பேச்சாளரிடம் அருகருகே உள்ளன. மேலும், கூறியது கூறலை நூற்குற்றமாகவும் சுருங்கச் சொல்லலை நூலழகாகவும் கொண்ட மரபும் இதுவே. சுழன்று சுழன்று சொல்லுதலே கீழைத்தேயச் சிந்தனை என்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இப்பகுப்பைத் தாராவிக்குப் பொருத்திக் காண்போம். அங்கு மறுமேம்பாட்டுத் திட்டத்துக்கு மாநில அரசு 2004இல் ஒப்புதல் அளித்தது. பல தடைகளுக்குப் பின் 2024இல் வீடுவீடான கணக்கெடுப்பு தொடங்கியது. இத்தகைய சூழலில், 'இவ்வீட்டைக் காலி செய்ய உடன்படுகிறீர்களா?' என்னும் வினா ஒருவரிடம் எழுப்பப்படுவதாகக் கொள்வோம். 'உடன்படுகிறேன்' என்பது நேர்; 'மாட்டேன்' என்பது மறை. 'நீங்களே சொல்லுங்கள்' என்பது ஏவல். 'மாட்டேன் என்றால் விடவா போகிறீர்கள்?' என்பது வினாதல். 'முன்பும் இப்படித்தான் கேட்டுப் போனார்கள்' என்பது உற்றது உரைத்தல். 'பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகும்' என்பது உறுவது கூறல். 'பட்டறையை வேண்டுமானால் காலி செய்கிறேன்' என்பது இனமொழி. இவ்வைந்தனுள் எதுவும் தெளிவற்ற விடையன்று. ஒவ்வொன்றும் திட்டவட்டமான ஒரு கருத்தைத் தாங்கியுள்ளது. உறுவது கூறியவர் தம் மறுப்புக்குக் காரணம் தந்துவிட்டார். இனமொழி கூறியவர் பேச்சுவார்த்தையைத் தொடங்கிவிட்டார்.

இதே வினா மாட்டுங்காவில் பழைய கட்டடம் ஒன்றின் குடியிருப்போர் கூட்டத்தில் எழுமாயின், 'மாட்டேன். முதலில் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்' என்னும் விடையை எதிர்பார்க்கலாம். இதனால் மாட்டுங்காவினர் மேலைப் பண்பாட்டினராகிவிட மாட்டார். தாராவியில் குறிப்புவிடை தந்த அதே மனிதர், தோல் வாங்க வந்த வணிகரிடம் விலையைப் பேசுகையில் 'முடியாது' என ஒரே சொல்லில் மறுக்கவும் கூடும். அவருடைய பண்பாடு காலைக்கும் மாலைக்குமிடையே மாறிவிடவில்லை. வினவியவரும், விடையால் நேரக்கூடிய இழப்பும் மாறின.

6. அதிகாரமும் நயமும்

வினவியவர் யார் என்பதை நன்னூல் ஆராயவில்லை. அது இலக்கணத்தின் எல்லை. இவ்விடத்தில் பிரவுன், லெவின்சன் ஆகியோரின் நயப்பேச்சுக் கோட்பாடு துணைபுரிகிறது. 1978இல் நீண்ட கட்டுரையாகவும் 1987இல் நூலாகவும் வெளிவந்த அவ்வாய்வின் மூன்று தரவுமொழிகளுள் தமிழும் ஒன்று. கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் லெவின்சன் திரட்டிய பேச்சே அத்தரவு. உலகப் பொதுமைக்கு உரிமை கோரிய கோட்பாடு ஒன்று தமிழ்ச் சிற்றூரின் பேச்சிலிருந்து எழுந்தமையைத் தமிழ் ஆய்வாளர் போதிய அளவு கருதினாரில்லை.

அவர்தம் கருத்தின்படி, நயத்தின் அளவை மூன்று கூறுகள் முடிவு செய்கின்றன: பேசுவோர்க்கிடையேயான தொலைவு, கேட்போர்க்குள்ள அதிகாரம், பேச்சுச்செயலின் சுமை. ஒரே சமுதாயத்தினுள், ஆதிக்கக் குழுவினர் விலகிநின்று மதிப்புக் காட்டும் நயத்தையும், ஆதிக்கத்துக்கு உட்பட்டோர் நெருங்கி உறவாடும் நயத்தையும் பெரிதும் கைக்கொள்வர் என்பது அவர்தம் முடிவுகளுள் ஒன்று. நாட்டு அலகை விட்டுச் சமுதாய உறவை அலகாகக் கொண்டமையால், இக்கோட்பாடு முற்கூறிய மாதிரிகளினும் ஒரு படி முன்னேறியதாகும்.

எனினும் இதனைத் தாராவிக்கு ஒன்று, மாட்டுங்காவுக்கு ஒன்று எனப் பகிர்ந்தளித்தால் பழைய பிழையே சிறு அளவில் திரும்பும். மேலும், தொலைவும் அதிகாரமும் பேச்சுக்கு முன்பே நிலைத்துள்ளன என்பது இக்கோட்பாட்டின் உட்கோள். மும்பையில் மொழித் தேர்வே தொலைவை ஆக்குகிறது. பிரபோத் பண்டிட் 1972இல் காட்டிய எடுத்துக்காட்டு இங்கு நினையத்தக்கது: பம்பாயில் குடியேறிய குசராத்தி மசாலை வணிகர் வீட்டில் குசராத்தியும், காய்கறிச் சந்தையில் மராத்தியும், பால்காரரிடம் இந்தியும், வணிக வட்டத்தில் கச்சியும் கொங்கணியும், அரிதாக ஆங்கிலமும் பேசுவார். தாராவித் தமிழரும் இத்தகையோரே. மேற்பார்வையாளரிடம் இந்தியில் தொடங்கிய பேச்சு, அவரும் தமிழர் எனத் தெரிந்தவுடன் தமிழுக்கு மாறும். ஊர் வினவப்பட்டுச் சாதி ஊகிக்கப்பட்டதும் மீண்டும் இந்திக்கே திரும்புதலும் நிகழும். இந்தி அவ்விடத்தில் பாதுகாப்பான தொலைவைத் தருகிறது. தாய்மொழி எப்போதும் நெருக்கத்தையே தரும் என எண்ணும் மொழிபெயர்ப்பாளர் இந்நுட்பத்தைத் தவறவிடுவர்.

ஏ.கே. இராமானுஜன் 1989இல் வெளியிட்ட கட்டுரையில், இந்தியச் சிந்தனை சூழலுணர்வு மிக்கது எனக் கூறித் திணைக் கோட்பாட்டையும் சான்றாகக் காட்டினார். ஹாலின் பாகுபாட்டுக்கு அது அணுக்கமாகத் தோன்றினும் நோக்கில் வேறானது. ஒரு பண்பாடு எதனை இலட்சியமாகப் போற்றுகிறது என்பதே அவர்தம் வினா. அப்பண்பாட்டினுள்ளேயே பக்தி இயக்கம் போன்ற எதிர்க்குரல்கள் சூழலை மீற முயன்றதையும் அவர் எடுத்துரைத்தார். அக்கட்டுரையின் தலைப்பே ஒரு வினாவாக அமைந்தது. அதனை விடையாக மாற்றிக் கையாளுதல் முறையன்று.

7. மொழிபெயர்ப்பாளர்க்கு

இவ்விவாதம் ஏட்டளவில் நிற்பதன்று. 'சரி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அது 'கேட்டுக்கொண்டேன்' எனவும், 'புரிந்தது' எனவும், 'உடன்படுகிறேன்' எனவும், 'இதற்குமேல் பேசிப் பயனில்லை' எனவும் பொருள்படும். அலுவலர்முன் ஒருவர் 'சரிங்க' எனத் தலையசைத்ததை 'ஒப்புக்கொண்டார்' எனப் பெயர்த்துப் படிவத்தில் ஏற்றினால், அச்சொல் உரிமையைத் துறக்கும் சான்றாகிவிடும். தாராவியில் 2000ஆம் ஆண்டுக்கு முன்பிருந்தே குடியிருந்தமையை மெய்ப்பிக்க வேண்டிய நிலையிலுள்ளோர்க்கு இது வாழ்வாதாரச் சிக்கல்.

இங்குப் பண்பாட்டு மாதிரி இருவகைத் தீங்கு விளைக்கிறது. ஒன்று, அவருடைய குறிப்புவிடையைத் 'தெளிவற்றது' எனத் தள்ளிவிடுகிறது. மற்றொன்று, அவருடைய மௌனத்துக்குப் பண்பாட்டைக் காரணமாக்கி, அம்மௌனத்தை உண்டாக்கிய அதிகாரத்தைப் பார்வையிலிருந்து மறைக்கிறது. 'தமிழர் மறுத்துப் பேசார்' என்பது ஆய்வு முடிவுபோல் ஒலிக்கிறது. மறுத்தால் என்ன நேரும் என்னும் அச்சம் அங்கு எழுதப்படாமற் போகிறது.

ஆகவே பயிற்சிகளில் நாட்டுப் பட்டியலுக்கு மாற்றாக நான்கு வினாக்களை முன்வைக்கலாம். வினவுபவர் யார், அவர் கையில் என்ன இருக்கிறது? இவ்விடத்தில் இம்மொழி ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது? விடை எட்டனுள் எவ்வகையது, அதன் உட்கருத்து யாது? இப்பெயர்ப்பு தவறினால் இழப்பு யாருக்கு? மூன்றாம் வினாவுக்கு விடை ஐயத்துக்கு இடமாயின், பெயர்ப்பவர் ஊகித்து முடிக்காமல், 'உடன்படுகிறீர்களா, கேட்டுக்கொண்டீர்களா?' எனத் திருப்பிக் கேட்டல் வேண்டும். கேட்டதை இருதரப்பார்க்கும் அறிவித்தலும் வேண்டும்.

8. முடிவுரை

ஹால் முதலியோரின் மாதிரிகள் வேறுபாடு உண்டு என்னும் விழிப்பைத் தந்தன. அயல்நாட்டுக்கு முதன்முறை செல்வோர்க்கு அவ்விழிப்பு இன்றும் பயன்படும். ஆயின் அவை நாட்டையும் இனத்தையும் அலகாகக் கொண்டமையால், ஒரே இனத்தாருக்குள் உள்ள ஏற்றத்தாழ்வையும், பல இனத்தார்க்குப் பொதுவான வழக்குகளையும் ஒருங்கே தவறவிடுகின்றன. தாராவியும் மாட்டுங்காவும் செம்பூரும் இவ்விரு குறைகளையும் தெளிவுறக் காட்டுகின்றன. வினாவும் விடையுமாகிய பேச்சு நிகழ்வை அலகாகக் கொள்ளும் ஆய்வுக்குத் தமிழிலக்கண மரபிலேயே வித்து உள்ளது. அதனோடு அதிகாரம் பற்றிய இக்காலச் சமுதாய மொழியியலை இணைத்து, மும்பை மாநகராட்சியின் எட்டுப் பயிற்றுமொழிப் பள்ளிகள், மருத்துவமனைகள், தொழிற்பட்டறைகள் ஆகியவற்றில் வழங்கும் உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்தல் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும். அப்பணியில் தமிழறிந்த மொழியியலாரும் மராத்தி, இந்தி அறிந்த மொழிபெயர்ப்பாளரும் ஒருங்கிணைதல் இன்றியமையாதது.